தலையெழுத்தும் தலைக்கவசமும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம்மவர் நாவில் என்றும் வழங்கும் மொழி. தலைவன், தலைமகன், தலைநகர், தலைவாசல், தலைமுறை என்று சிறந்தவற்றையெல்லாம் தலையோடு சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் நாம். அவ்வாறே, வாழ்வில் நேரும் துன்பத்திற்குக் காரணம் கேட்டாலும் தலையைத் தொட்டே விடை சொல்கிறோம். 'எல்லாம் தலையெழுத்து' என்னும் ஒரு சொல்லில் ஆயிரம் வினாக்கள் அடங்கிவிடுகின்றன. தலைக்கு இத்துணை மதிப்பளிக்கும் ஓர் இனம், அத்தலையைக் காக்கும் கடமையை மட்டும் எழுத்தின்மேல் ஏற்றிவிட்டு அமைதி கொள்ளுதல் தகுமா? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாம் வாழும் ஈஜிபுரா, விவேக்நகருக்கும் கோரமங்கலாவிற்கும் இடையே நெருங்கி அமைந்த பகுதி. பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து வந்து இங்கே வேரூன்றிய குடும்பங்கள் பல. விடியற்காலையில் செய்தித்தாள் போடும் சிறுவர்கள் மிதிவண்டியில் விரைகின்றனர். கரண்டியும் தூக்குச்சட்டியும் பையில் தொங்கக் கொத்தனார்கள் மிதித்துச் செல்கின்றனர். எட்டு மணிக்கு மேல் இருசக்கர மோட்டார் வண்டிகளின் வெள்ளம். ஈஜிபுரா நாற்சந்தியிலிருந்து கேந்திரிய சதன் நோக்கிச் செல்லும் பாதையில் 2017இல் தொடங்கிய மேம்பாலப் பணி, இடையில் ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டது. தூண்களுக்கும் குழிகளுக்கும் நடுவே வண்டியோட்டும் வித்தையை அந்த ஆண்டுகள் இவ்வூர் மக்களுக்குக் கற்பித்தன.

இந்த வெள்ளத்தில் ஒரு குடும்பம் ஒரே வண்டியில் செல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள். ஓட்டும் தந்தையின் தலையில் முழுக் கவசம். பின்னால் அமர்ந்த தாயின் தலையில், கவிழ்த்த கிண்ணம் போன்ற மெல்லிய தொப்பி. கொண்டைக்கும் மல்லிகைச் சரத்திற்கும் மேலே அது நிலைகொள்ளாமல் ஆடுகிறது. முன்னால் நிற்கும் குழந்தையின் தலையில் ஒன்றுமில்லை. அந்தத் தந்தை அன்பில்லாதவர் அல்லர், குழந்தைக்காகவே உழைப்பவர். ஆயினும் அந்த வண்டியில் பாதுகாப்பு வலியவரிடம் தொடங்கி, எளியவரை எட்டுமுன் தீர்ந்துபோய்விடுகிறது. இதற்கு வறுமை ஒன்றையே காரணமாகக் கூற இயலாது. யாருக்குத் தண்டம் விழுமோ அவருக்கு முதலில் கவசம் வாங்கினோம் என்பதே உண்மைக் காரணம்.

இன்னொரு காட்சியும் உண்டு. வண்டியின் கண்ணாடியில் மாட்டியோ முழங்கையில் கோத்தோ தலைக்கவசம் பயணம் செய்யும். போக்குவரத்துக் காவலர் நிற்கும் சிக்னல் கண்ணில் பட்டதும் தலைக்கு ஏறும். அதைக் கடந்ததும் இறங்கிவிடும். நாம் தலையைக் காப்பது விபத்திலிருந்தா, காவலரிடமிருந்தா? அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு இது புதிய காட்சியன்று. சில கோப்புகளில் எல்லாத் தாள்களும் வரிசையாக இருக்கும். எல்லாக் கையொப்பங்களும் இருக்கும். எந்த மனுவுக்காகக் கோப்புத் திறக்கப்பட்டதோ அந்தக் காரியம் மட்டும் நடந்திராது. நாடா கட்டாத தலைக்கவசமும் அத்தகைய கோப்பே. விதியின் எழுத்து நிறைவேறிவிட்டது. விதியின் பொருள் நிறைவேறவில்லை.

சட்டம் தன்னால் இயன்றதைச் செய்துதான் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, மோட்டார் சைக்கிளில் செல்வோர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்க்கு மட்டும் விலக்களித்தது. கர்நாடகத்தில் 2016 ஜனவரியில் பின்னிருக்கையில் அமர்வோர்க்கும் அது கட்டாயமாயிற்று. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் கவசம் அணிய வேண்டும் என்று வகுத்தது. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத இருசக்கர வாகனத் தலைக்கவசங்களைச் செய்வதும் விற்பதும் தடுக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் வெளியிடப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த விதி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் அதன் தலைக்குப் பொருந்திய கவசமோ, உரிய தரம் வாய்ந்த மிதிவண்டிக் கவசமோ அணிவிக்க வேண்டும் என்கிறது. குழந்தையை ஏற்றிய வண்டி மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்றும் கூறுகிறது. ஆனால் வெறும் மிதிவண்டி ஓட்டுவோர்க்கு அந்த 129ஆம் பிரிவு எதையும் கட்டளையிடவில்லை. ஆகவே செய்தித்தாள் போடும் சிறுவனின் தலைக்கு அவன் வீட்டார் மனமே சட்டம்.

இக்கவசத்தின் வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. முதல் உலகப் போரில் அரபு நாட்டில் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று வீழ்ந்தார். சில நாள் நினைவின்றிக் கிடந்து மறைந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை வல்லுநர். அவர் அத்துடன் விட்டுவிடவில்லை. இத்தகைய காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941இல் மருத்துவ இதழொன்றில் எடுத்துக்காட்டினார். மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அனைவர்க்கும் அதைப் பிரிட்டன் கட்டாயமாக்கியதோ 1973இல். ஒரு மரணத்தைக் கண்டு 'விதி' என்று பெருமூச்சு விடுவதும் மனித இயல்பு, 'ஏன்?' என்று கேட்பதும் மனித இயல்பு. பின்னதே பிறர் உயிரைக் காக்கிறது. 2008இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரிடையே தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கணித்தது.

கவசம் தலையைக் காக்கும் முறையும் அறியத்தக்கது. வெளியோட்டின் உள்ளே தெர்மாகோல் போன்ற நுரைப்பொருள் ஒன்று தடிப்பாக அமைந்திருக்கும். அடி விழும்போது அது நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைப் பொழுதில் தலை சற்றே மெதுவாக நிற்கிறது. மூளைக்குப் போக வேண்டிய வேகத்தை நுரை வாங்கிக்கொள்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் முன்னோர் சொன்னது இங்கே சொல்லுக்குச் சொல் மெய்யாகிறது. தலைப்பாகையோடு போனபின் அத்தலைப்பாகை மீண்டும் பயன்படாது என்பதையும் மறத்தலாகாது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறலின்றி இருப்பினும், தன் கடமையை முடித்துவிட்டது. அதைத் தம்பிக்குக் கொடுப்பது சிக்கனமன்று.

இனிப் பொருத்தத்திற்கு வருவோம். திருமணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், தலைக்கவசத்திற்கு ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. வளரும் பிள்ளை என்பதற்காகச் சட்டையை ஓர் அளவு பெரிதாகத் தைப்பதும், செருப்பை ஓர் அளவு பெரிதாக வாங்குவதும் நடுத்தரக் குடும்பத்தின் அறிவுடைமை. அதே அறிவுடைமை கவசத்தில் செல்லாது. பெரிய கவசம் விழும் வேளையில் சுழன்று நெற்றியைத் திறந்துவிடும். அல்லது தலையைவிட்டே பறந்துபோகும். தையற்காரரின் அளவுநாடாவால் புருவத்திற்கு மேலே தலையைச் சுற்றி அளந்து வாங்குதல் வேண்டும். மிதிவண்டிக் கவசம் நெற்றியின் பெரும்பகுதியை மூடி, புருவத்திற்கு இரு விரல் மேலே சமமாக அமர வேண்டும். பிடரி நோக்கிச் சாய்தல் ஆகாது. பக்கத்து நாடாக்கள் காதுக்குக் கீழே கூடி, மோவாய்க்கும் நாடாவிற்கும் இடையே ஒரு விரல், மிஞ்சினால் இரு விரல் நுழையும் அளவு இறுக வேண்டும். தலையை ஆட்டினால் கவசம் தனியே ஆடலாகாது. கவசம் ஏறும் நேரத்திற்குக் கொண்டையைத் தளர்த்திப் பிடரியில் தாழ்வாக முடிந்துகொள்வதில் பெண்டிர்க்கு இழுக்கொன்றும் இல்லை. பூச்சரத்தைப் போய்ச் சேரும் இடத்தில் சூடிக்கொள்ளலாம்.

சிறு குழந்தையர்க்கான மிதிவண்டிக் கவசங்களுக்கென ஐரோப்பாவில் இ.என். 1080 என்னும் தனித்தரம் ஒன்று உண்டு. அதன்படி செய்த கவசத்தின் நாடா, ஓரளவுக்கு மேல் இழுபட்டால் தானாகவே கழன்றுகொள்ளும். கவசத்துடன் விளையாடப்போன குழந்தையின் தலை சறுக்குமரத்திலோ ஏணிக் கம்பிகளிலோ சிக்கினால், காக்க வந்த நாடாவே கழுத்தை நெரித்துவிடலாம் என்று கண்டதனால் வந்த ஏற்பாடு அது. பெரியவர்க்கான கவசத்தில் இந்த ஏற்பாடு இராது. எனவே வண்டியைவிட்டு இறங்கியதும் குழந்தையின் கவசத்தைக் கழற்றிவிட வேண்டும். காவல் என்பது போட்டுவிடுவதோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

இங்கே இரு தடைகள் எழலாம். 'என் தலை, விழுந்தால் எனக்குத்தானே? இதில் அரசுக்கும் ஊருக்கும் என்ன வேலை?' என்பது முதல் தடை. இது எள்ளி நகையாடத்தக்க வாதமன்று. பிறர்க்குத் தீங்கில்லாதவரை ஒருவன் தன்னைப் பற்றிய செய்கைகளில் தானே தலைவன் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வாதிட்ட கொள்கையே இவ்வாதத்தின் உயிர். ஆயின், தலை எனக்கு மட்டும் உரியதுதானா? சொந்த ஊரில் ஒருவன் வீழ்ந்தால் பங்காளியும் மாமன் மச்சானும் ஓடிவருவர்; நிலமோ வீடோ ஒரு பிடிப்பாக இருக்கும். புலம்பெயர்ந்து வந்த குடும்பத்திற்கு அந்த மாதச் சம்பளமே நிலம்; அந்த ஒரு தலையே கூரை. ஓசூர்ச் சாலையிலுள்ள நிமான்ஸ் மருத்துவமனையில் தலைக்காயம் பட்டவரைச் சேர்த்துவிட்டு வெளியே காத்திருப்போர் எத்தனை பேர்? உள்ளே இருப்பவர் நினைவின்றி இருக்கிறார். துன்பம் முழுவதையும் நினைவோடு சுமப்பவர் வெளியே இருப்பவரே. எனவே, தன் தலை தனக்கே உரியது என்று உண்மையாகச் சொல்லத் தக்கவன், தன்னை நம்பி ஒருவரும் இல்லாதவனே. அவனும்கூடத் தன் வண்டியில் ஒரு குழந்தையை ஏற்றிய கணத்தில் அவ்வுரிமையை இழக்கிறான். குழந்தை தன் அபாயத்தைத் தானே தேர்ந்துகொள்ளவில்லை அன்றோ?

இரண்டாவது தடை இதனினும் வலியது. 'சாலையைச் செப்பனிடாமல் தலைக்கு ஓடு மாட்டச் சொல்வது நியாயமா?' என்று கேட்பர். நெதர்லாந்தில் மிதிவண்டி ஓட்டுவோருள் மிகப் பெரும்பாலோர் கவசம் அணிவதில்லை. 1970களில் அந்நாட்டு மக்கள் சாலையில் மடியும் குழந்தைகளுக்காகத் தெருவில் இறங்கிப் போராடினர். 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்பதே அவர்களின் முழக்கம். அதன்பின் மிதிவண்டிகளுக்கெனத் தனித்தடங்கள் பெருகின. மாறாக, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990இல் மிதிவண்டி ஓட்டுவோர்க்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. எது சிறந்த வழி என்னும் வாதம் இன்றும் நடைபெறுகிறது. மிதிவண்டிக் கவசம் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை விழும் வேகத்திற்கே சோதிக்கப்படுகிறது. லாரியின் மோதலைத் தாங்க அது செய்யப்படவில்லை. ஆதலின், சாலை கேட்கும் உரிமையைக் கவசம் தீர்த்துவிடாது. விபத்தில் வீழ்ந்த கொத்தனாரைப் பார்த்து, 'கவசம் அணிந்திருக்கலாமே' என்று சொல்லிவிட்டுக் குழியை மூடாமல் போவது அறமாகாது. குழி இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையின் தலையைத் திறந்துவிட்டு அனுப்புவதும் அறமாகாது. அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே, வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்தல் வேண்டும். செய்தித்தாள் முகவரும் கட்டட மேஸ்திரியும் தம்மிடம் பணிபுரியும் மிதிவண்டிக்காரர்க்கு ஒரு கவசம் வாங்கிக் கொடுத்தால், அது தருமமன்று. கூலியின் ஒரு பகுதியே.

இனித் தலையெழுத்திற்குத் திரும்புவோம். திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் ஒரே நூலில் வைத்த அப்பேரறிவாளர், ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க நமக்கு இடந்தரவில்லை. நம் கையில் இல்லாதன எத்தனையோ உள. எதிரே வருபவன் குடித்திருப்பதும், மழையில் சாலை வழுக்குவதும், திடீரென நாய் குறுக்கே ஓடுவதும் நம் ஆணைக்கு உட்பட்டவை அல்ல. அவற்றை ஊழ் என்று அழைக்க விரும்புவோர் அழைத்துக்கொள்ளலாம். ஆனால் மோவாய் நாடாவை இறுக்குவது நம் இரண்டு விரல்களின் வேலை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பின்னர் நேர்வதற்கு எழுத்தின்மேல் பழி போடுதல், எழுதியவனுக்கே இழைக்கும் அநீதி.

மாத முதல் வாரத்தில் சம்பளம் வந்ததும் வீட்டுக்கு வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறோம். அப்பட்டியலில் குடும்பத்தார் ஒவ்வொருவரின் தலையளவையும் எழுதிக்கொள்வோம். மிகச் சிறிய தலைக்கு முதலில் வாங்குவோம். நமக்குக் கடைசியில் வாங்குவோம். அந்த வரிசையே நம் அன்பின் இலக்கணமாகட்டும்.