தருமசேனர் களைந்த பாய்

இன்று சித்திரைச் சதயம், அப்பர் பெருமானின் குருபூசை. கியா பார்ம் மலைக் குளிரில் சால்வையும் கம்பளிச் சட்டையுமாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். காய்கறிக் கடையை அடைத்த கையோடு வந்தவர்களும் இருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பர் என்றதும் சுண்ணாம்புக் காளவாய், மதயானை, கடலில் மிதந்த கல் என்று பிள்ளைகளே கதையை முடித்துவிடுவார்கள். அவற்றை இன்று நான் தொடப்போவதில்லை. சூலை நோய் தீர்ந்த பிறகு அவர் என்ன வேலைக்குப் போனார் என்பதுதான் இன்றைய பேச்சு.

திருவாமூரில் மருள்நீக்கியார் என்ற பெயரோடு பிறந்த அப்பர், பெற்றோரை இழந்து அக்கா திலகவதியாரின் நிழலில் வளர்ந்தவர். பிறகு சமணத்தில் சேர்ந்தார். இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த மடத்தில் கற்றுத் தேறி, தருமசேனர் என்ற பட்டத்தோடு தலைமை இடத்துக்கே வந்துவிட்டார். பௌத்தர்களை வாதில் வென்றவர் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். சமணத்தைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை; சீவக சிந்தாமணியும் நன்னூலும் சமணர் நமக்குத் தந்த செல்வம். அப்பேர்ப்பட்ட கல்விக்கூடத்தில் தலைவர் என்றால் அது எவ்வளவு பெரிய இடம் என்று பாருங்கள்.

வயிற்றில் சூலை பிடித்து மருந்தும் மந்திரமும் கைவிட்ட பிறகுதான் அக்கா ஞாபகம் வந்தது. மடத்துச் சமையல்காரரை ஆள் அறியாமல் திருவதிகைக்கு அனுப்பினார். திலகவதியார், "நான் அங்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தம்பி எழுந்து வரட்டும் என்று காத்திருந்தவர் அவர்.

தம்பி எழுந்தார். உடுத்தியிருந்த பாயைக் களைந்தார். உறியில் தொங்கிய குண்டிகையை விட்டார். மயிற்பீலியையும் விட்டார். ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு, கைகொடுத்தவர்களைப் பிடித்தபடி, இரவோடு இரவாக நடந்தார். கடலூரிலிருந்து பண்ருட்டிப் பக்கம், சுமார் 25 கிலோமீட்டர் இருக்கும். நேற்றுவரை ஊரே விழுந்து கும்பிட்டவர், அக்கா காலில் போய் விழுந்தார்.

அந்த அக்காவுக்கு என்ன பட்டம்? ஒன்றுமில்லை. விடியுமுன் எழுந்து வீரட்டானக் கோயிலைக் கூட்டுவார், சாணம் போட்டு மெழுகுவார், பூப்பறித்துத் தொடுப்பார். தம்பி வாதத்தில் வென்றுகொண்டிருந்த அத்தனை வருடமும் அவர் கையில் இருந்தது துடைப்பம். தம்பிக்குத் திருநீறு கொடுத்து, தாம் கூட்டப்போகும் நேரத்திலேயே அவரையும் கோயிலுக்குக் கூட்டிப் போனார். பதிகம் பிறந்தது, நோய் போனது, நாவுக்கரசர் என்ற பெயரும் வந்தது. மடத்தில் தேறிய தமிழ் அவரோடு கூடவே வந்திருந்தது பாருங்கள். பாயையும் பீலியையும் விட்டவர் நாவை விடவில்லை. விடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

ஆனால் கை? அது புது வேலைக்குப் போனது. அப்பர் திருமேனியை எந்தக் கோயிலிலும் பாருங்கள்: மழித்த தலை, உருத்திராக்கம், கூப்பிய கை, தோளோடு சாய்ந்த உழவாரம். நீளக் காம்பு, முனையில் தட்டையான இரும்பு. பிராகாரத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. வாதமேடையில் இருந்தவருக்குப் புல் செதுக்கத் தெரிந்திருக்குமா? முதல் நாள் கை கொப்புளித்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சேக்கிழார் அதைச் சொல்லவில்லை, என் ஊகம்.

சுங்கை பாலாஸ் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அம்மாமார்களுக்கு இது நன்றாக விளங்கும். கொழுந்தைக் கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்தது. பிறகு இரண்டு பேர் பிடிக்கும் மெஷின் வந்தது. காலமெல்லாம் கிள்ளிப் பழகிய கை முதல் வாரம் தடுமாறும். நேற்று வேலைக்கு வந்த பையன், "பெரியம்மா, இப்படிப் பிடிங்க" என்பான். மெஷினின் பாரத்தைவிட அந்தப் பேச்சுத்தான் அதிகம் கனக்கும், இல்லையா? இறைபணியிலும் அப்படித்தான். ஓர் ஊரில் கோயில் தலைவராக இருந்தவர் இன்னோர் ஊர்க் கோயிலுக்குப் போனால் முதலில் கண் தேடுவது முன்வரிசை நாற்காலியை! சிரிக்கிறீர்கள், நானும் அந்த வரிசைக்காரன்தான்.

ஆனால் அப்பர்? திருப்பூந்துருத்தியில் நடந்ததைக் கேளுங்கள். சம்பந்தர் சிவிகையில் வருகிறார். வயதில் மிக இளையவர். இவரை "அப்பரே" என்று அழைத்தவரே அவர்தான். அந்த அப்பர் யார் கண்ணிலும் படாமல் கூட்டத்தில் புகுந்து சிவிகையைத் தாங்கினார். "அப்பர் எங்கே?" என்று மேலிருந்து கேள்வி வருகிறது. "உம் அடியேன், உம்மைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன்" என்று கீழிருந்து பதில். பதறி இறங்கினார் சம்பந்தர்.

முதுமையில் திருப்புகலூரில் இருந்தபோதும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் மின்னின. பருக்கைக் கல்லைத் தள்ளுவதுபோல உழவாரத்தால் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டு, மிச்சப் புல்லைப் பார்க்கப் போய்விட்டார். 81 வயதுவரை வாழ்ந்தார் என்பது வழக்கு.

வரும் ஞாயிறு காலை இங்கே உழவாரப்பணி இருக்கிறது. பின்பக்கச் சரிவில் மழைக்குப் புல் மண்டிக் கிடக்கிறது. மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பழக்கமில்லாதவர்கள், தினமும் கோயில் கூட்டும் அந்தப் பாட்டியைக் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று அவர் சொல்வார்.