சரக்கோடு சேர்த்து விற்கப்படும் துயரம்

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் வாகையிலும் தேக்கிலும் தெய்வ உருவங்களைச் செதுக்கிவரும் சிற்பிகளின் தொழிலுக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஊரின் பெயரே அவ்வேலையின் நேர்த்திக்கு அத்தாட்சியாகச் சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபின், அதே பெயரைத் தேசமெங்கும் இரக்கத்தோடு உச்சரிக்கலாயினர். திறமைக்கும் துயரத்துக்கும் ஒருங்கே அடையாளமாகிவிட்ட ஓர் ஊரிலிருந்து சிற்பமோ, அதற்கு மேற்கே கல்வராயன் மலையிலிருந்து தேனோ சாமையோ கடுக்காயோ வாங்கிச் சென்று வெளியூரில் விற்க முற்படும் நல்லெண்ணமுள்ள சிறு தொழில்முனைவோர், எதைச் சொல்லி விற்பது நியாயம் என்பதைச் சற்று நின்று சிந்திக்கவே வேண்டும்.

இத்தகைய தொழிலில் இன்று இறங்குவோர் ஒரே குலத்தாரும் அல்லர், ஒரே வசதி படைத்தவரும் அல்லர். சிற்பியின் மகளும் மலையாளிப் பழங்குடி இளைஞரும் சுயஉதவிக் குழுப் பெண்களும் நகரத்து உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த பட்டதாரியும் அவர்களுள் உண்டு. அவர்களுடைய நோக்கம் தூயது என்றே கொள்வோம். கெட்ட எண்ணத்தோடு செய்யப்படும் தீங்கை அடையாளம் காண்பது எளிது. கருணையின் பெயரால் நிகழும் தீங்குக்குத்தான் நிதானமான விசாரணை வேண்டியிருக்கிறது.

செய்தவரின் வறுமையை விவரித்து விற்பவர் தம் தரப்பில் சொல்லக்கூடிய நியாயம் அற்பமானதன்று. இயந்திரம் குடைந்த உருவமும் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு பல நாள் செதுக்கிய உருவமும் கடையில் அருகருகே நிற்கும்போது, பழகாத கண்ணுக்கு விலை ஒன்றே வித்தியாசமாகத் தெரியும். செய்த மனிதரை எடுத்துக்காட்டாவிட்டால் கைவேலை தோற்றுப்போகும். மேலும், ஒரு பொருள் உண்டான முறையைப் பற்றி வாங்குபவனும் பொறுப்பேற்கக் கடமைப்பட்டவன் என்பது 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா தம் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய கொள்கை. பொறுப்பேற்க வேண்டியவன் விவரம் அறிய வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

ஆனால் எந்த விவரம்? சிற்பியின் கூலி எவ்வளவு என்று அறியும் உரிமை வாங்குபவனுக்கு உண்டு. அவர் வீட்டுக் கூரை ஒழுகுவதையும், அவர் மகள் படிப்பை நிறுத்தியதையும், அவர் சகோதரன் குடியால் மாண்டதையும் அறியும் உரிமை எவ்வாறு வந்தது? அவரே சம்மதித்தார் என்பர். அடுத்த கொள்முதலுக்காகக் காத்திருக்கும் ஒருவர், அதைத் தரப்போகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தரும் சம்மதத்தைப் பூரணமானதென்று கொள்வதற்கில்லை. இரக்கத்தால் வாங்குபவன் வேலையின் குறையையும் பொறுத்துக்கொள்வான், நிறைவையும் கவனிக்கமாட்டான். ஆகவே கலைக்கும் அதனால் உபகாரம் இல்லை. இவற்றினும் கொடியது வேறொன்று. வறுமையையே விளம்பரத்தின் மூலதனமாகக் கொண்ட கடைக்கு, அந்த வறுமை தீர்வது நஷ்டமாகிறது. சிற்பி மாடிவீடு கட்டிக்கொண்டால் அவருடைய புகைப்படம் பயன்படாது. மலைக்குடிமகன் சொந்த வண்டியில் வந்து பேரம் பேசினால் கதை கெட்டுவிடும். தான் உயர்த்த வந்ததாகச் சொல்லும் மனிதரின் உயர்வு தனக்கு இடையூறாகும்படி ஒரு தொழிலை அமைத்துக்கொள்வது, அமைத்தவர் எத்துணை நல்லவராயினும், அதர்மமே.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் நடத்தும் ‘போர்காய்’ கைவினைஞர் சங்கம் இதற்கு மாறான வழியைக் காட்டுகிறது. முதிய பெண்கள் சிலரின் ஞாபகத்தில் மட்டுமே எஞ்சியிருந்த தையல் வேலைப்பாட்டை இளையவர்கள் கற்றுப் புதுப்பித்தனர் என்பதே அங்குச் சொல்லப்படும் சரித்திரம். தையலைப் பார்த்து வாங்குபவருக்கு அந்தச் சரித்திரம் கூடுதல் அறிவைத் தருகிறது. தைத்தவருக்கோ அதில் குன்றுவதற்கு ஒன்றும் இல்லை.

உலகத்துக்குத் திறந்து காட்டப்பட வேண்டிய கணக்கு ஒன்று இருக்குமானால், அது விற்பவருடைய கணக்கு. குமரப்பா லண்டனில் பயின்ற தணிக்கையாளர் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். மரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, தமக்கு எவ்வளவு. பணம் வேலை முடிந்ததும் தரப்பட்டதா, சரக்கு விற்ற பிறகா. திரும்பி வந்த சிற்பத்தின் நஷ்டம் யார் தலையில் விழுந்தது — இவற்றைச் சொல்லும் சீட்டு, கண்ணீர்க் கதை சொல்லும் சீட்டைவிட வாங்குபவனின் மனச்சாட்சிக்கு அதிகம் பயன்படும். முன்பணத்தைப் பற்றி இன்னும் எச்சரிக்கை தேவை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆதிக்கத்தில் கிடந்த பூமி. கூலியில்லா உழைப்பு அங்கே பழைய கதையாகி வெகுகாலம் ஆகவில்லை. அதே 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், வாங்கிய முன்பணத்துக்காகத் தன் உழைப்பின் விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை ஒருவன் இழப்பதையும் கொத்தடிமையின் இலக்கணத்துள் சேர்த்திருக்கிறது. தேனுக்கும் கடுக்காய்க்கும் முன்கூட்டியே பணம் கொடுத்து, ‘எமக்கே தர வேண்டும், இந்த விலைக்கே தர வேண்டும்’ என்று கட்டுப்படுத்துகிறவர், தம் செய்கையை உதவி என்று மனமார நம்பக்கூடும். அவர் அச்சட்டத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நலம். மேலும், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள்கள், மரபாக அவற்றைச் சேகரித்து வந்த வனவாசிகளின் உடைமை. தாமே வைத்துக்கொள்ளவும் விரும்பியவருக்கு விற்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

தம் வாழ்வைத் தாமே எடுத்துச் சொல்ல விரும்பும் சிற்பியைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. பட்ட துன்பத்தை உரைப்பதில் அவருக்கு ஒரு பெருமிதம் இருக்கலாம். நீதி கேட்கும் நோக்கமும் இருக்கலாம். அப்போது விற்பவர் செய்யத்தக்கது, அவர் சொன்ன அளவில் நிறுத்திக்கொள்வதும், பின்னொரு நாள் அவர் எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேளாமல் எடுத்துவிடுவதும், பக்கத்துப் பட்டறையில் படமும் கதையும் தர மறுத்துச் சிற்பத்தை மட்டும் கொடுத்தவருக்கு அதே விலையை அதே நாளில் எண்ணிக் கொடுப்பதுமாகும்.