விளையாட்டுத் தீட்சையும் உறுதிபூசுதலும்



சில நாட்களுக்கு முன் ஒரு தாயார் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "சுவாமி, இவன் சிநேகிதரோடு சேர்ந்து மந்திரவாத விளையாட்டு ஒன்று ஆடுகிறான். உறுதிபூசுதல் பெற வேண்டிய பிள்ளை! இது பாவமல்லவா?" என்று கேட்டார்கள்.

விளையாட்டு இதுதான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்றுத் தாம் செய்வதைச் சொல்வார்கள். அது பலித்ததா என்பதைப் பகடை தீர்க்கும். 1974-ல் அமெரிக்காவில் கைகாக்ஸ், ஆர்னெசன் என்ற இருவர் இத்தகைய விளையாட்டை முதலில் அச்சிட்டு விற்றனர். 1978-ல் வந்த 'ரூன்குவெஸ்ட்' என்ற விளையாட்டிலோ, வேடதாரி சோதனையில் தேறி, தன் வலிமையில் ஒரு பங்கைக் காணிக்கையாக்கி, ஒரு கற்பனைத் தெய்வத்திடம் தீட்சை பெறுவான். அதற்கு ஈடாக மந்திர சக்தி கிடைக்கும்.

வேடம் கட்டுவது பாவமல்ல என்று தாயாருக்குச் சொன்னேன். நம் செங்கற்பட்டுச் சீமையில் தெருக்கூத்து அறியாதார் யார்? அரக்கன் வேடம் கட்டியவன் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வயலுக்குப் போகிறான். ஆனால், கதையை விட்டு வெளியே வந்து மெய்யாகவே மந்திரம் செய்யவோ, ஆவிகளைக் கூப்பிடவோ துணிந்தால், அது முதற் கற்பனைக்கு விரோதமான பாவம். அந்த எல்லையைப் பையன் அறிந்தே இருந்தான்.

அப்போது அவன் கேட்டான்: "சுவாமி, விளையாட்டில் என் ஆள் பயந்து, பட்டினி கிடந்து, சோதனையில் தேறித் தீட்சை பெற்றான். உறுதிபூசுதலுக்கு நான் சில ஞாயிறு வகுப்புக்கு வந்தால் போதும். இதில் எது பெரிது?"

தாயார் அவனை அதட்டினார்கள். எனக்கோ அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது.

அப்போஸ்தலர் நடபடி ஆகமம் 8-ம் அதிகாரத்தை அவனுக்கு விளக்கினேன். சமாரியாவில் அர்ச். இராயப்பரும் அருளப்பரும் கைகளை வைக்க, விசுவாசிகள் இஸ்பிரீத்துசாந்துவைப் பெற்றார்கள். அதைக் கண்ட சீமோன் என்னும் மாயவித்தைக்காரன் பணத்தை நீட்டி, அந்த அதிகாரத்தைத் தனக்கும் தரக் கேட்டான். இராயப்பர் அவனைக் கடிந்து தள்ளினார். மந்திரவாதம் என்பது விலை கொடுத்துச் சக்தியை வாங்கித் தன் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்ப்பது. பணமோ, பட்டினியோ, எதுவாயினும் அது விலையே. தேவதிரவிய அநுமானமோ சர்வேசுரன் இலவசமாய்த் தரும் கொடை. அது நம்மை அவருக்கு உரியவராக்குகிறது.

அப்படியானால் சோதனை இல்லையா? உண்டு, மக்களே. விளையாட்டில் சோதனை முதலில், வரம் பின்னால். திருச்சபையில் வரம் முதலில், சோதனை பின்னால். முற்காலத்தில் மேற்றிராணியார் தைலம் பூசியபின் கன்னத்தில் மெல்லத் தட்டுவார். கிறிஸ்துநாதருக்காக அடிபடவும் தயாராயிரு என்பது அதன் கருத்து. 1971-ல் சடங்கு திருத்தப்பட்டபோது அது நின்றது. ஆனால் அடி நிற்கவில்லை. பரீட்சை அறையில் பக்கத்துப் பையன் காகிதத்தை நீட்டும்போதும், உத்தியோகத்தில் லஞ்சம் மேசைக்கு வரும்போதும், ஏழைச் சிநேகிதனை எல்லாரும் பரிகசிக்கும்போதும் அந்த அடி விழும். அங்கே பகடை உருளாது, வேடத்தைக் களையவும் முடியாது.

இதைப் பிள்ளைகளுக்கு யார் சொன்னோம்? புதுச் சட்டை, புகைப்படம், பிரியாணி இவற்றோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஆகையால் பெற்றோரே, பகடையைப் பிடுங்கி எறியாதீர்கள். ஒரு மாலை பிள்ளையோடு உட்கார்ந்து, அவன் கதையைக் கேளுங்கள். பிறகு, விசுவாசத்தினிமித்தம் நீங்கள் நஷ்டப்பட்ட ஒரு நாளை அவனுக்குச் சொல்லுங்கள். சொல்ல அப்படி ஒரு நாள் இல்லையென்றால், அதைப் பற்றி முதலில் நாம் கலங்க வேண்டும்.