அடைக்கலம் கேட்டு வந்தவன்



எல்லா விபரமும் கைக்கு வந்தபின் முடிவெடுப்பது கணக்காளனுக்குள்ள வசதி. ஒரு கூட்டத்துக்குத் தலைவனாய் இருப்பவனுக்கு அது கிடைப்பது அரிது. அரைகுறையாய்த் தெரிந்ததை வைத்துக்கொண்டு, பலர் பார்த்திருக்க, அவன் ஒரு பக்கம் சொல்லியாக வேண்டும். இராமாயணத்தில் விபீடணன் அடைக்கலம் கேட்டு வந்த கட்டம் அப்படிப்பட்டது. அகதிகளாய் இந்நாட்டுக்கு வந்த நமக்கு அது சற்று வேறுவிதமாகவே கேட்கும்.

நம்மூரில் காட்டிக்கொடுப்பவனுக்கு விபீடணன் என்றே பட்டம். பட்டிமன்ற மேடையில் கும்பகர்ணனுக்குத்தான் கைதட்டல் அதிகம். அந்த வழக்கை இன்று நாம் தீர்க்கப் போவதில்லை. வந்தவனை விட்டு, முடிவெடுத்தவனைப் பார்ப்போம்.

படை கடற்கரையில் நிற்கிறது. எதிரியின் தம்பி நான்கு துணைவரோடு வந்து அபயம் கேட்கிறான். கொல்ல வேண்டும் என்கிறான் சுக்கிரீவன். இராமபிரான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மற்றவர்களைக் கேட்கிறார். வான்மீகத்தில் இந்தச் சபை விரிவாக நடக்கிறது. குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்ப்போம் என்கிறான் அங்கதன். ஒற்றனை விட்டு அறிவோம் என்கிறான் சரபன். வந்த காலமும் சரியில்லை, இடமும் சரியில்லை என்கிறார் சாம்பவான். இனிமையாகப் பேசி விசாரிப்போம் என்கிறான் மயிந்தன். அகதி விசாரணைக்குப் போய்வந்த எவருக்கும் இந்தக் குரல்கள் புதியவையல்ல. ஏன் இப்போது வந்தாய், ஏன் இந்த வழியால் வந்தாய் என்று மொழிபெயர்ப்பாளர் வாயால் நாமும் கேட்டவைதான்.

கடைசியாக அனுமன் பேசுகிறார். கண்முன்னே நிற்பவனுக்கு ஒற்றன் எதற்கு? திடீரென்று குடைந்து கேட்டால் நல்லவனும் மிரண்டு போவானே! இவனுக்கு அரச ஆசை இருக்கக்கூடும் என்பதையும் அனுமன் மறைக்கவில்லை. வாலி மாண்டபின் சுக்கிரீவன் முடி பெற்றதை அறிந்தே வந்திருக்கிறான், ஆகையால் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார். உயிர்ப்பயமும் நல்வாழ்வின் ஆசையும் ஒரே மனிதனிடம் இருக்கும் என்பதை அனுமன் அறிந்திருந்தார். சில அதிகாரிகளுக்கு இது இன்னும் விளங்கவில்லை. கம்பரோ, அனுமன் இலங்கையில் நேரில் கண்டதையே சாட்சியாக வைக்கிறார். தூதனைக் கொல்லாதே என்று இராவணன் சபையில் தடுத்தவன் இவனல்லவா?

முடிவு சொல்லும்போது இராமபிரான், விபீடணன் நல்லவன் என்று தீர்ப்பளிக்கவில்லை. நட்பென்று வந்தவனிடம் குற்றம் இருந்தாலும் கைவிடேன் என்கிறார். ஆபத்தில் அண்ணனை விட்டவன் வேறு யாரைத்தான் விடமாட்டான் என்று சுக்கிரீவன் திருப்பிக் கேட்கிறான். நல்ல கேள்வி. அதற்கும் பொறுமையாகப் பதில் வருகிறது. இவன் கெட்டவனாகவே இருந்தாலும் எனக்கு என்ன செய்துவிட முடியும் என்கிறார். தன்னைப் பிடிக்க வந்த வேடனுக்கே உடலைக் கொடுத்த புறாவின் கதையையும் சொல்கிறார். கணக்கியலில் ஐயக்கடன் ஏற்பாடு என்று ஒன்றுண்டு. கடன் திரும்பி வராமலும் போகலாம் என்று முன்கூட்டியே நம் இலாபத்தில் ஒரு தொகையைக் கழித்து வைப்பது. இராமபிரானும் நட்டத்தைத் தம் பேரில் எழுதிக்கொண்டுதான் கையை நீட்டினார்.

1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்தது சில நாளில் வெளிப்பட்டது. பொய் சொன்னவர்களைத் திருப்பி அனுப்பு என்ற குரல் பலமாக எழுந்தது. பிரதமர் பிரையன் மல்ரூனி திருப்பி அனுப்பவில்லை. அகதிச் சட்டங்கள் பின்னர் இறுகின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த 155 பேர் கரையேறிவிட்டார்கள்.

இப்போது நமது சங்கத்தின் மேசையிலும் விண்ணப்பங்கள் இருக்கின்றன. புதிதாய் வந்த சிலர் தம் வழக்குக்கு ஆலயக் கடிதம் கேட்கிறார்கள். ஆளைத் தெரியாமல் எப்படிக் கையொப்பம் இடுவது, நாளைக்கு ஆலயத்தின் பெயர் கெடாதா என்று நிர்வாக சபையில் கேட்கப்பட்டது. சுக்கிரீவனின் கேள்விதான், அலட்சியப்படுத்தக் கூடாது. ஊரில் அவருக்கு நடந்ததை நாம் காணவில்லை, ஆகவே அதை எழுத முடியாது. வெள்ளிதோறும் வருகிறார், மடைப்பள்ளியில் பாத்திரம் கழுவுகிறார், இத்தனை மாதமாக அறிவோம் என்பதை எழுதலாம். அனுமனும் கண்டதைத்தானே சொன்னார்!

இன்னொன்று. முடிவு சொன்னபின் விபீடணனை அழைத்துவர இராமபிரான் அனுமனை அனுப்பவில்லை. கொல்ல வேண்டும் என்ற சுக்கிரீவனையே அனுப்புகிறார். அவனும் மனம் தெளிந்து போகிறான். கம்பர் காட்டுவதுபோல் இருவரும் தழுவிக்கொள்கிறார்கள்.

விண்ணப்பங்கள் அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் எடுக்கப்படும். விண்ணப்பித்தவர்களை முதலில் சந்தித்துப் பேசும் பொறுப்பை, மறுப்புச் சொன்ன அங்கத்தவர்களிடமே கொடுக்கக் கேட்கவிருக்கிறோம்.