விளையாட்டில் உரைக்கும் பொய்

பொய்யாமை நம் இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. பொழுதுபோக்கிற்காக ஆடும் ஆட்டத்தில் உரைக்கும் பொய் அவ்விரதத்திற்கு ஊறு செய்யுமா என வினவினால், "விளையாட்டுத்தானே!" என்று எளிதில் விடை பகர்ந்துவிடுகிறோம். அவ்விடை போதுமா என ஆராய்தல் நலம்.

மேலைநாடுகளில் 'டிப்ளமசி' என்னும் பலகை விளையாட்டு ஒன்று உண்டு. அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் இதனை 1959இல் வெளியிட்டார். முதல் உலகப் போருக்கு முற்பட்ட ஐரோப்பாவின் வரைபடமே பலகை. எழுவர் ஏழு வல்லரசுகளாக அமர்வர். காய்களை நகர்த்தப் பகடை உருட்டுவதில்லை. ஆடுவோர் தமக்குள் மறைவாகப் பேசி உடன்படிக்கை செய்துகொள்வர். பின்னர்த் தத்தம் கட்டளைகளை எழுதி வைப்பர். அனைத்தும் ஒருசேர வெளிப்படுத்தப்படும். 34 மையங்களுள் 18ஐக் கைக்கொண்டவர் வெல்வார். துணையின்றி எவரும் முன்னேறுதல் அரிது. ஆயினும் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்னும் விதி இல்லை. நம்ப வைத்துப் பின் கைவிடுதலே இவ்வாட்டத்தின் பெரும் தூண்டுதல்.

"விதியை அனைவரும் அறிந்தே அமர்கின்றனர், எவர் பொருளும் பறிபோவதில்லை, நாடகத்தில் கள்வனாக நடிப்பவன் கள்வனாவானோ?" என்பர் சிலர். இவ்வாதம் புறந்தள்ளத் தக்கதன்று.

எனினும், போலிச் செயலுக்கும் வினை உண்டு என்பதை யசோதர காவியம் நமக்கு உணர்த்தியுள்ளது. உயிர்க்கோழியைப் பலியிட மனம் ஒப்பாத யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் சொல்லுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியை வெட்டினான். அதன் பயனாகத் தாயும் மகனும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். கோழி மாவினால் ஆனது. வெட்டிய எண்ணமோ மெய்யானது.

அவ்வாறாயின் ஆட்டம் அனைத்தும் தீதோ? அன்று. சதுரங்கம் ஆடுவோர் தம் திட்டத்தை மறைக்கின்றனர்; "என்னை நம்பு" என்று எதிரியிடம் கேட்பதில்லை. மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு. டிப்ளமசியில் காய்தான் மரம். நண்பன் நம் சொல்லின்மேல் வைக்கும் நம்பிக்கை மரமன்று. பலகையை மடித்தபின் இருவரும் சேர்ந்து நகைக்க முடியுமாயின் பெருங்கேடில்லை. "எவ்வளவு எளிதில் ஏமாந்தான்!" என்னும் களிப்பு உள்ளத்தில் எஞ்சுமாயின், அது நான்கு கஷாயங்களுள் ஒன்றாகிய மாயையே.

அவ்வாட்டத்தின் விதி பொய்யை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. செய்யக் கருதியதற்கே வாக்களிக்கலாம். மற்றவற்றில் வாய் திறவாது இருக்கலாம். பிள்ளைகள் இவ்வகை ஆட்டம் ஆடக் காணின் தடுக்க வேண்டுவதில்லை. இவ்வழியைக் காட்டினால் போதும். அவ்வாறு ஆடித் தோற்றாலும் இழப்பது ஓர் ஆட்டம் மட்டுமே. அத்துணைச் சிறுவிலைக்கே வாய்மையை விற்போமாயின், பெரும்பொருள் எதிரே நிற்கும் வாணிபத்திலும் வழக்கிலும் அதனை எங்ஙனம் காப்போம்?