நெஞ்சு அறியாத ஊர்

சென்ற கோடையில் ஓர் இரவு, குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக்கு மேலே ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து வட்டமிட்டது. யாரையோ தேடியிருக்க வேண்டும். எட்டு வயது மகள் ஓடிவந்து மடியில் ஏறினாள். "பயப்பிடாதை பிள்ளை, அப்பாவுக்குப் பயமில்லை" என்றேன். என் மார்பில் காதை வைத்திருந்தவள் சொன்னாள்: "பொய். உங்கட நெஞ்சு ஓடுது."

நான் பொய் சொன்னேனா?

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, ஹெலிச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்கு என்று எவரும் சொல்லத் தேவையில்லை. 1995 ஜூலை 9 அன்று நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது குண்டு விழுந்தபின், வானத்துச் சத்தம் எதுவும் எங்களுக்கு வெறும் சத்தமாக இருக்கவில்லை.

உடலின் கணக்கு விசித்திரமானது. ஓய்வில் நிமிடத்துக்கு எழுபது தடவை துடிக்கும் இதயம், உண்மையில் கடிவாளமிட்ட இதயம். வேகஸ் நரம்பு பிடியை விட்டால் அது தானாகவே 100 அளவில் ஓடும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள், இரத்த அழுத்தம் ஏறினால் மூளைத்தண்டுக்கு அறிவித்து இதயத்தைத் தணிக்கின்றன. ஆபத்து என்று எண்ணும் வேளையில் அந்தத் தடுப்பையும் மூளை தளர்த்திவிடுகிறது. இதில் எதற்கும் என் சம்மதம் கேட்கப்படுவதில்லை.

பயந்ததால் உடல் பதறவில்லை, உடல் பதறுவதை உணர்வதே பயம் என்றார் வில்லியம் ஜேம்ஸ், 1884இல். அப்படியானால் மகள் சொன்னது சரி, நான் பொய்யன்.

ஆனால் 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சுண்டெலிகளின் இதயத்தை ஒளியால் தூண்டி நிமிடத்துக்கு 900 தடவை துடிக்கவைத்தார்கள். ஆபத்தில்லாத இடத்தில் அவை அதைப் பொருட்படுத்தவில்லை. மறைவில்லாத திறந்த வெளியில்தான் பதுங்கின. ஓடும் இதயம் மட்டும் பயமல்ல. 'இது என்ன இடம்?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலும் அதோடு சேரவேண்டும்.

அன்றிரவு நான் குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்தேன். என் நெஞ்சு இருக்கவில்லை. ஆகவே நான் சொன்னது முழுப் பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. பிள்ளைகளுக்கு ஏன் இந்தச் சுமை என்று நாங்கள் பேசாமல் இருக்கிறோம். எங்கள் துடிப்போ பேசாமல் இருப்பதில்லை. காரணம் சொல்லப்படாத துடிப்புக்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். நாங்கள் பழைய ஹெலிக்குப் பயந்தது, அவர்களிடம் இந்த ஊருக்குப் பயந்ததாகப் போய்ச்சேர்கிறது. நெஞ்சு பதறியதற்கு நான் பொறுப்பில்லை. அதைப் பொருள் சொல்லாமல் அவளிடம் விட்டதற்கு நானே பொறுப்பு.

அடுத்த ஞாயிறு அவளை நிரிம்பா பக்கம் நடக்கக் கூட்டிப்போனேன். இன்று மாணவர்கள் நடமாடும் அந்த நிலம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத்தளமாக இருந்தது. அங்கே வைத்து, பங்கரைப் பற்றியும் நவாலியைப் பற்றியும் அவள் வயதுக்கு ஏற்றவாறு சொன்னேன்.

ஹெலிகொப்டர் பிறகும் வந்தது. "நெஞ்சு பயப்பிடுது அம்மா, அது இன்னும் ஊரிலை நிக்குது" என்றேன். மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். அப்படி விடும்போது வேகஸ் மீண்டும் கடிவாளத்தைப் பிடிக்கும். அவள் காதை வைத்துக் கேட்டாள். "இன்னும் ஓடுது" என்றாள். ஆனால் இம்முறை பொய் என்று சொல்லவில்லை.