தாளமும் பொறுப்பும்

பெரியகல்லாற்றிலோ, மட்டக்களப்பு வாவியை அடுத்த வேறோர் ஊரிலோ அம்மன் சடங்கைக் கண்டோர், உடுக்கின் நடை விரைய விரையத் தெய்வம் ஆடுபவரின் உடல் அவ்விரைவுக்கு ஆட்படுவதை அறிவர். நிமிடத்துக்கு 150 அடிகளுக்கு மேல் ஓடும் மின்னிசை சட்டென நின்று மீண்டும் பாயும்போது, கேட்கும் இளைஞரும் அவ்வாறே ஆட்படுகின்றனர். தன்வசம் இழந்த அவ்வுடலுக்குப் பொறுப்பாளி யார்?

ஒழுங்கும் துணிவுமுள்ள வாழ்வுக்கு இயைந்த தாளநடைகளையே பிளேட்டோ தம் இலட்சிய நகரில் அனுமதித்தார். திறந்தவெளி மின்னிசைக் கூட்டங்களை அடக்க 1994இல் பிரித்தானியா இயற்றிய சட்டமோ, அவ்விசையை மீள மீள வரும் தாள அடிகளைக் கொண்டே வரையறுத்தது. (எங்கள் பறைமேளமும் அவ்வரையறைக்குள் அகப்படும்!) இரண்டும் தாளத்தின் இயல்பிலேயே குற்றம் தேடின. தேடவேண்டிய இடம் அதனை நடத்தும் கை என்பது என் கருத்து.

கைதேர்ந்த உடுக்கடிப்பவர் ஆடுபவரைப் பார்த்தே அடிக்கிறார். கால் தளர்ந்தால் நடையைத் தணிக்கிறார். ஒலிப்பதிவில் முன்னரே உறைந்துவிட்ட விரைவு யாரையும் பார்ப்பதில்லை. ஆயினும் இது கருவியின் குறையன்று. இசைத்தட்டின் சுழற்சியைக் கூட்டியும் குறைத்தும் இயக்குபவர் ஆடுவோரைக் கவனிப்பாராயின், அவரும் உடுக்கடிப்பவரை ஒத்தவரே. கூட்டத்தின் ஆரவாரத்துக்காக மட்டும் நடையை ஏற்றுபவர் கோயில் முன்றிலிலும் இருக்கக்கூடும். அம்மன் சந்நிதியில் அடிக்கிறார் என்பதனால் அவரது பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.